“ஏசி போட்ட வகுப்பறைதானே?” – சென்னையில் கணினி அறிவியல் துறைக்குத் தனிக் கட்டடம்

கேட்டவர் தந்த விவரம் இது. மேடவாக்கம் பக்கம் இருக்கும் ஒரு கல்லூரி, கணினி அறிவியல் துறைக்கென்று தரைத்தளமும் நான்கு மாடியுமாகக் கட்டடம் கட்டப் போகிறது. 60 பேர் உட்காரும் ஆய்வகங்கள் ஆறு, வகுப்பறைகள், ஆராய்ச்சி மாணவர்களுக்கு இடம், ஒரு சர்வர் அறை. “ஏசி போட்ட வகுப்பறைதானே, இதில் தனியாக என்ன இருக்கிறது?” என்று கட்டடக் குழுவில் கேட்கிறார்கள், என்ன பதில் சொல்வது? எத்தனை அறை, எத்தனை கணினி என்பது இங்கே உண்மையான கேள்வி இல்லை. அதை எந்த ஆண்டும் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கான்கிரீட் போட்ட பிறகு மாற்ற முடியாதவை எவை, அவற்றை என்ன அளவில் இப்போதே வரைபடத்தில் எழுதி வாங்க வேண்டும் என்பதுதான் கேள்வி. கணினியின் ஆயுள் ஐந்தாறு வருஷம், கட்டடத்தின் ஆயுள் ஐம்பது வருஷம். அந்த ஐம்பது வருஷத்துக்கும் கட்டிப்போடுபவை மாடியின் உயரம், சூடு வெளியேறும் வழி, கரண்ட் வரும் வழி, கம்பி போகும் வழி, மழைத் தண்ணீர் ஏறும் மட்டம்.

முதலில் உயரம், ஏனென்றால் உங்கள் ‘தரை + 4’ அங்கேயே இடிக்கும். ஆய்வகத்துக்குத் தரையிலிருந்து ஃபால்ஸ் சீலிங் வரை 2.9 மீட்டராவது வேண்டும். அதற்கு மேல் ஃபால்ஸ் சீலிங் சட்டமும் விளக்கும் 10 செ.மீ., கேபிள் டிரே 15 செ.மீ., காற்றுக் குழாய் 40 செ.மீ., பீமின் ஆழம் 60 செ.மீ. கூட்டினால் ஒரு மாடிக்கு 4.15 மீட்டர் வருகிறது. ஐந்து தளத்துக்கு 20 மீட்டரைத் தாண்டிவிடும். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயரமான கட்டடம் என்ற வகைக்குப் போய்விடும். சாலை அகலம், சுற்றிலும் விட வேண்டிய இடம், தீயணைப்பு ஏற்பாடு எல்லாமே கடுமையாகும். இதைத் தவிர்க்கப் பல இடங்களில் மாடி உயரத்தை 3.6 மீட்டருக்குக் குறைத்து ஐந்து தளத்தையும் அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் காற்றுக் குழாய்க்கு இடமில்லாமல் சுவரெல்லாம் ஸ்பிளிட் ஏசி, பீமின் அடியில் தொங்கும் கம்பிகள். என் பரிந்துரை, தரை + 3, மாடிக்கு 4.2 மீட்டர். ஒரு தளம் குறைவதை நிர்வாகம் விரும்பாது. ஆனாலும் இதில் விட்டுக்கொடுத்தால் கீழே சொல்லப்போகும் பாதி விஷயம் நடக்காது.

அடுத்தது சூடு. குழுவுக்கு நீங்கள் காட்ட வேண்டிய கணக்கு இதுதான். ஒரு கணினியும் திரையும் சேர்ந்து வேலை நேரத்தில் சராசரியாக 120 வாட் என்று வைத்தால் 60 இருக்கைக்கு 7.2 கிலோவாட். உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவரின் உடல் சுமார் 130 வாட் வெப்பம் தருகிறது. 60 பேருக்கு 7.8 கிலோவாட். விளக்கு, புரொஜெக்டர் 1 கிலோவாட். மொத்தம் 16. ஒரு டன் ஏசி என்பது 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஆக இதற்கே நாலரை டன் வேண்டும். இதோடு கணக்கை முடித்து, சுவருக்கும் ஜன்னலுக்கும் ஒன்றிரண்டு டன் சேர்த்து, ‘இரண்டு டன் ஸ்பிளிட் மூன்று போதும்’ என்று முடிவெடுப்பதுதான் வழக்கமான தவறு. விடுபடுவது வெளிக்காற்று. ஸ்பிளிட் ஏசி அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. புதுக் காற்று ஒரு மூச்சுகூட உள்ளே வராது. உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். 120 சதுர மீட்டர் பரப்பும் 3.2 மீட்டர் உயரமும் உள்ள அறையைக் கதவு ஜன்னலைச் சாத்தி வைத்தால், 60 பேர் ஒரு மணி நேரத்தில் அதன் அளவை 2,800 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 2,800 பங்கு) வரை கூட்டிவிடுவார்கள். வெளிக்காற்றில் இருப்பது 420 சொச்சம்தான். கதவு இடுக்கில் கொஞ்சம் போய்வரும் என்றாலும், மூன்று மணி நேர ஆய்வக வகுப்பின் பிற்பாதியில் பிள்ளைகள் கண் செருகுவதற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை.

இந்த அறைக்குப் பொதுவான காற்றோட்ட அளவுகோல்படி நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 கன அடி வெளிக்காற்று வேண்டும். சென்னையில் அந்தக் காற்று வெறும் சூடு மட்டுமல்ல, நீர் சொட்டும் ஈரமும் கூட. மே மாதத்து மத்தியானக் காற்றை 24 டிகிரிக்குக் குளிர்வித்து ஈரத்தையும் பிழிந்தெடுக்க இன்னொரு நாலரை டன் ஆகும். ஆக 60 பேர் ஆய்வகம் ஒன்றுக்கு நேர்மையான கணக்கு 10 முதல் 11 டன். வெளிக்காற்றைத் தனிக் கருவியில் முதலில் குளிர்வித்து, வெளியேறும் குளிர்ந்த காற்றோடு ஒரு வெப்ப மாற்றுச் சக்கரத்தின் வழியாக உரச விட்டால், இந்த இரண்டாவது நாலரை டன்னில் பாதிக்கு மேல் மிச்சமாகும். அந்தக் கருவிக்கும் குழாய்க்கும்தான் மேலே 40 செ.மீ. கேட்டேன்.

எந்த வகை ஏசி என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பெரிய கட்டடத்துக்கு நீரால் குளிரும் சில்லர் (தண்ணீரைக் குளிர்வித்துக் கட்டடம் முழுக்க அனுப்பும் மைய இயந்திரம்) மின்சாரத்தில் சிக்கனமானது, சந்தேகமே இல்லை. ஆனால் அதன் கூலிங் டவர் ஒரு டன்னுக்கு மணிக்கு ஏழெட்டு லிட்டர் தண்ணீரைக் குடிக்கும். 100 டன், பத்து மணி நேரம் என்றால் தினமும் ஏறக்குறைய ஒரு டாங்கர் லாரி. 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தை நினைவில் வைத்திருக்கும் ஊரில், உப்புச் சத்து நிறைந்த போர் தண்ணீரை நம்பி இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. உங்கள் அளவுக்குக் காற்றால் குளிரும் விஆர்எஃப் (ஒரு வெளி யூனிட்டோடு பல அறைகளின் யூனிட்டுகளைச் சேர்க்கும் ஏசி) போதும். அதற்கு இன்னொரு லாபமும் உண்டு: ஆராய்ச்சி மாணவர் நாலு பேர் இரவு பதினொரு மணிக்கு வேலை செய்தால் அந்த அறையை மட்டும் ஓட்டலாம். ஒரே சில்லரை வைத்து மாலை ஐந்தரைக்கு நிறுத்திவிடும் கட்டடத்தில் இரவு ஆராய்ச்சி நடக்காது. வெளி யூனிட்டின் சுருளுக்குத் துருத் தடுப்புப் பூச்சு கேளுங்கள். கடற்காற்று நன்றாக எட்டும் திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் பூச்சில்லாத சுருள் சீக்கிரமே பொடிந்துவிடும், உங்கள் இடத்தில் வேகம் குறைவு என்றாலும் பாதிப்பு உண்டு. ஏசியிலிருந்து தண்ணீர் வடியும் குழாயைச் சரிவோடு, கணினி வரிசைக்கு மேலே வராமல் கொண்டுபோக வேண்டும். ஆய்வகத்தில் மழை பெய்யாமலே தண்ணீர் சொட்டுவது பெரும்பாலும் இந்தக் குழாய் அடைத்துக்கொள்வதால்தான்.

மின்சாரத்தில் வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டுமில்லை, குணத்திலும் இருக்கிறது. கணினியின் பவர் சப்ளை கரண்டைச் சீரான அலையாக இழுப்பதில்லை, துண்டு துண்டாக இழுக்கிறது. மூன்று ஃபேஸிலும் இப்படி இழுக்கும்போது, சாதாரணமாக ஒன்றையொன்று சமன்செய்து நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் பொதுக் கம்பியில்) மறைய வேண்டிய மின்னோட்டத்தின் ஒரு பகுதி, மறையாமல் அங்கே கூடிக்கொள்கிறது. ஆகவே நியூட்ரல் கம்பி ஃபேஸ் கம்பிக்குச் சமமான கனம் இருந்தே தீர வேண்டும். யூபிஎஸ் விநியோகப் பலகைக்குப் போகும் முதன்மைக் கம்பியில் அதைவிடக் கனமாகவே கேளுங்கள். பழைய பழக்கத்தில் பாதிக் கனத்தில் இழுத்துவிட்டால் நியூட்ரல் சூடாகி இணைப்பு கருகும். இரண்டாவது, கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி டிரிப் ஆவது. ஒவ்வொரு கணினியிலும் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் எர்த்துக்குச் சிறிது கரண்டைக் கசிய விடுகின்றன. அது பழுதில்லை, அமைப்பே அப்படி. திரையும் சேர்த்து இருக்கைக்கு 1 முதல் 1.5 மில்லிஆம்பியர் என்று கொள்ளுங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, கசிவு 15 மில்லிஆம்பியருக்கு மேல் போனால் எப்போது வேண்டுமானாலும் விழலாம். 20 இருக்கையை ஒன்றில் மாட்டினால் தேர்வு நடக்கும்போது முழு வரிசையும் அணையும். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தால் எந்தப் பழுதும் தெரியாது. கடைசியில் யாராவது ஆர்சிசிபியையே கழற்றி நேர் இணைப்புக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் உயிருக்கு ஆபத்து. எட்டு இருக்கைக்கு ஒரு ஆர்சிசிபி, 60 இருக்கைக்கு எட்டு என்று இப்போதே எழுதி வாங்குங்கள்.

ஆய்வகம் ஒன்றுக்கு 10 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் போதும். கவனிக்க வேண்டியது பேட்டரி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று சுமார் 30 கிலோ. பெரிய யூபிஎஸ்ஸுக்கு நாற்பது வைத்தால் 1,200 கிலோ ஒரே மூலையில் உட்காரும். வகுப்பறைத் தளத்தை ஐ.எஸ். 875 என்ற இந்தியச் சுமைத் தரத்தின் கணக்கில் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்குத்தான் வடிவமைப்பார்கள். எனவே பேட்டரி எங்கே வரும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் முதல் நாளே அறிய வேண்டும். அந்த அறை 25 டிகிரியில் இருக்க வேண்டும். 10 டிகிரி கூடினால் மூடிய வகை ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகும். படிக்கட்டுக்கு அடியில் காற்றில்லாத பொந்தில் வைத்தால் நாலு வருஷ பேட்டரி இரண்டு வருஷத்தில் உப்பிப் போவது அதனால்தான்.

சர்வர் அறையை எங்கே வைப்பது? மேடவாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கம். டிசம்பர் 2015லும், மிக்ஜாம் புயலின்போது டிசம்பர் 2023லும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் நின்றது. ஆகவே தரைத்தளம் வேண்டவே வேண்டாம், பேஸ்மென்ட் என்ற பேச்சே கூடாது. மேல் மாடியும் வேண்டாம். மொட்டைமாடிச் சூடும் ஒழுக்கும் அங்கேதான். முதல் மாடி, வடக்குப் பக்கம், மேலே கழிப்பறையோ தண்ணீர்க் குழாயோ வராத இடம். சர்வர்களை நிறைய அடுக்கிய 42 யூனிட் ரேக் (ஆள் உயரத்துக்கும் மேலான இரும்புச் சட்டம்) ஒன்று 800 முதல் 1,000 கிலோ வரை எடை. அது நிற்பது முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில். அந்த அறையின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 1,200 கிலோ தாங்கும்படி கேளுங்கள். கட்டும்போது கேட்டால் ஒரே ஒரு அறையின் கம்பியும் பீமும்தான் கூடும். பிறகு கேட்டால் வழியில்லை. லிஃப்ட்டிலிருந்து அறை வரை படி இல்லாமல், கதவு 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் இருக்கட்டும். டிரான்ஸ்ஃபார்மர், முதன்மைப் பேனல், ஜெனரேட்டர் மூன்றும் கீழேதான் இருக்க முடியும் என்றால், அக்கம்பக்கத்தில் விசாரித்து 2015இல் தண்ணீர் ஏறிய மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் 60 செ.மீ. உயர்த்திய மேடையில் வையுங்கள். சர்வர் அறை மாடியில் பத்திரமாக இருந்தும் பேனல் நனைந்ததால் ஒரு வாரம் இருட்டில் கிடக்கும் நிலை வரக் கூடாது.

இந்த அறைக்கு இன்று புதிதாக வந்திருக்கும் சிக்கல் ஜிபியு, அதாவது செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்கு ஓட்டும் கணிப்புச் சில்லு. 1970களில் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 என்ற பெரிய கணினி வந்த காலத்தில் ஒரே இயந்திரத்தைச் சுற்றித்தான் அறையும் குளிரூட்டலும் அமைந்தன. பிறகு மேஜைக் கணினி வந்து சூட்டைக் கட்டடம் முழுக்கப் பரப்பியது. இப்போது அது திரும்ப ஒரே அறைக்கு வந்து சேர்கிறது. எட்டு ஜிபியு கொண்ட டிஜிஎக்ஸ் எச்100 என்ற ஒற்றைப் பெட்டி உச்சத்தில் 10.2 கிலோவாட் இழுக்கும். உங்கள் 60 கணினிகள் மொத்தமாக இழுப்பதைவிட அதிகம். அதற்கு மட்டும் இரவும் பகலும் மூன்று டன் குளிர் வேண்டும், மாதம் ஏழாயிரம் யூனிட்டுக்கு மேல் ஓடும், ஏசியின் செலவு தனி. இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, சர்வரை யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு ஏசியை ஜெனரேட்டரில் சேர்க்காமல் விடுவது. கரண்ட் போனதும் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், ஏசி நிற்கும். 20 கிலோவாட் சூடு ஒரு சின்ன அறையின் காற்றைச் சில நிமிடங்களிலேயே தாங்க முடியாத வெப்பத்துக்கு ஏற்றிவிடும். அரை மணி நேர பேட்டரியால் பயன் இல்லை. சர்வர் அறை ஏசி இரண்டாக இருக்க வேண்டும், ஒன்று நின்றாலும் மற்றொன்று தனியாக முழுச் சுமையையும் தாங்க வேண்டும், இரண்டும் ஜெனரேட்டரில் இருக்க வேண்டும். அறையை 18 டிகிரியில் உறைய வைக்கத் தேவையில்லை. சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 வரை இருக்கலாம் என்பதே ஏற்கப்பட்ட அளவு. 24இல் வைத்து, குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் கலக்காமல் ரேக்கின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தடுப்பால் பிரித்தாலே பெரும் மிச்சம்.

கம்பி விஷயத்தில் விதி எளிது, மீறுவதும் எளிது. தாமிர நெட்வொர்க் கேபிள் சுவரிலுள்ள சாக்கெட்டிலிருந்து மாடியின் ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் கருவி) அறை வரை 90 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இதை வரைபடத்தில் நேர்கோட்டில் அளந்து ஏமாறுவார்கள். கேபிள் சுவரில் ஏறி, டிரேயில் வளைந்து, மறுபடி இறங்கும். 60 மீட்டர் நேர்கோடு 90 ஆகிவிடும். கேட் 6 என்ற வகைக் கேபிளில் 10 ஜிகாபிட் வேகம் 55 மீட்டர் வரைதான், கட்டுக் கட்டாகப் போனால் அதற்கும் குறைவு. அதனால் வைஃபை கருவிகளுக்கும் ஆராய்ச்சி அறைகளுக்கும் அதைவிட மேலான கேட் 6ஏ, மாடிக்கு மாடி ஃபைபர். ஒவ்வொரு மாடியிலும் ஸ்விட்ச் அறை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே செங்குத்து ஷாஃப்ட்டில் (மாடிக்கு மாடி கம்பி ஏறும் வழியில்) வர வேண்டும். 2 × 3 மீட்டர் போதும், ஆனால் அதற்கும் ஏசி வேண்டும். வைஃபைக்கும் கேமராவுக்கும் கரண்ட் அனுப்பும் 48 போர்ட் ஸ்விட்ச் சில நூறு வாட்டைக் கையாள்வது. துடைப்பமும் வாளியும் வைக்கும் அலமாரிக்குள் அதைப் பூட்டி வைத்தால் ஏப்ரலில் உயிரை விடும். பைப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள், ஒவ்வொரு தடத்திலும் ஒரு வெற்றுப் பைப் கூடுதலாகப் புதையுங்கள். வெளியே திறக்கும் ஒவ்வொரு பைப் வாயையும் அடையுங்கள். இந்த ஊரில் ஃபைபரைக் கடிப்பது பெருச்சாளிதான். கட்டடத்துக்குள் இணையம் நுழைய எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு தடம், இரண்டும் பூமிக்கடியில். 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களைச் சாய்த்தபோது மேலே தொங்கிய கம்பிகளுக்கு என்ன ஆனது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

இருக்கை அமைப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஒருவருக்கு மேஜை அகலம் 90 செ.மீ., முதுகுக்குப் பின்னால் ஆசிரியர் நடந்து போக 1.2 மீட்டர். தரையில் பதிக்கும் சாக்கெட் பெட்டி வேண்டாம். தண்ணீர் ஊற்றித் துடைக்கும் வழக்கம் இருக்கும் வரை அது துருப்பிடிக்கும், ஷாக்கும் அடிக்கலாம். மேஜையின் முதுகில் ஓடும் ரேஸ்வே (கம்பி போகும் மூடிய தடம்) நல்லது. ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் இருக்கட்டும், மேற்கே மாடிப்படி, லிஃப்ட், கழிப்பறை வரட்டும். வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்று நம்பிவிடாதீர்கள்: சென்னை 13 டிகிரி அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அங்கும் சன்ஷேடு வேண்டும். திரைகள் ஜன்னலைப் பார்த்தோ ஜன்னலுக்கு முதுகு காட்டியோ இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

ஆராய்ச்சிப் பகுதியில் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: அறைகளுக்கு நடுவில் செங்கல் சுவர் கட்டாதீர்கள், கழற்றி மாற்றக்கூடிய தடுப்பு வையுங்கள். அமெரிக்காவில் எம்ஐடி வளாகத்தில் 1943இல் போர்க்கால அவசரத்தில் மரத்தால் கட்டிய ‘கட்டடம் 20’ 1998 வரை நின்றது. அழகோ வசதியோ இல்லாத அதை ஆராய்ச்சியாளர்கள் நேசித்ததற்குக் காரணம், யாரையும் கேட்காமல் சுவரில் துளை போட்டுக் கம்பி இழுக்கலாம் என்பதே. அதே இடத்தில் 2004இல் எழுந்த ஸ்டாட்டா மையத்தில்தான் அவர்களின் கணினி அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. புகழ்பெற்ற வடிவம், ஆனால் கசிவும் வடிகால் குறையும் உண்டு என்று 2007இல் பல்கலைக்கழகமே வழக்குப் போட்டது. முகப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஷாஃப்ட்டுக்கும் மொட்டைமாடி நீர்க்காப்புக்கும் திருப்பச் சொல்ல இந்த ஒரு உதாரணம் போதும். நாலைந்து பேர் உட்கார்ந்து பேசும் சின்ன அறைகள் மாடிக்கு இரண்டு, சுவர் நிறைய எழுதும் பலகை, இரவில் தங்குபவர்களுக்கு வெளிச்சமான கழிப்பறை, காவலர் கண்ணில் படும் வாசல் ஆகியவையும் ஆராய்ச்சிக் கட்டமைப்புதான்.

இதுவரை சொன்னதில் வெப்பக் கணக்குப் போடும் முறை, கேபிள் நீளம், ஆர்சிசிபி, தண்ணீர் மட்டம் ஆகியவை உறுதி. யார் கேட்டாலும் தயங்காமல் சொல்லுங்கள். டன், கிலோவாட் எண்கள் நான் எடுத்துக்கொண்ட அறை அளவுக்கானவை, உங்கள் வரைபடத்துக்கு ஏசிப் பொறியாளர் திரும்பப் போட வேண்டும். அஸ்திவாரம் பற்றி எதுவும் சொல்லவில்லை. சதுப்பு ஓரக் களிமண்ணில் மண் பரிசோதனை பார்க்காமல் பேசுவது தப்பு. பத்து வருஷம் கழித்து ஒரு ரேக் எத்தனை கிலோவாட் இழுக்கும் என்பதையும் யாராலும் சொல்ல முடியாது. புதிய ஜிபியு ரேக்குகள் தண்ணீரால் நேரடியாகக் குளிரும் வகைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன, உங்களுக்கு அது தேவைப்படலாம், படாமலும் போகலாம். அதனால் இன்று வாங்க வேண்டாம். சர்வர் அறையிலிருந்து மொட்டைமாடி வரை ஒரு காலி ஷாஃப்ட், மேலே யூனிட் வைக்க எடை தாங்கும் மேடை, பேனலில் ஒரு காலி இடம் மட்டும் விட்டு வையுங்கள்.

ஒப்பந்தக்காரரின் கடைசி பில்லைக் கொடுக்கும் முன் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நெட்வொர்க் பாயிண்டுக்கும் எண்ணிட்ட டெஸ்டர் ரிப்போர்ட். ‘லைட் எரிகிறது’ என்பது சோதனை ஆகாது. இன்னொன்று, பூச்சு வேலைக்கு முன்பே, தளம் போடும் முன்பே, ஒவ்வொரு சுவரிலும் ஸ்லாபிலும் புதைத்த பைப்புகளை டேப் வைத்து அளவு தெரியும்படி எடுத்த படங்கள், அறை எண்ணோடு. கொத்தனார் பூசிவிட்டால் அந்த விவரம் வேறு எங்கும் கிடைக்காது.